மதினி என்று கூப்பிட்ட இரண்டு ஞாயிறுகள்

ஒரே ஆளோடு ஆறு தடவை உட்கார்ந்து பேச வேண்டும். ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம். பேசி முடித்த கையோடு, அதை நினைவிலிருந்து அப்படியே எழுதிக் கொடுக்க வேண்டும். எழுத்துத் தேர்வில் எவ்வளவு வாங்கினாலும் இந்த ஆறும் முடியாவிட்டால் சான்றிதழ் கிடையாது. இடையில் அந்த ஆள் வராமல் நின்றுவிட்டால் வேறு ஆளைப் பிடித்து முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதற்குள் பருவம் முடிந்துவிட்டால் அடுத்த வருடம்தான்.

நான் படித்தது குடும்ப ஆற்றுப்படுத்துதல், அதாவது கவுன்சிலிங், என்ற ஒரு வருடச் சான்றிதழ்ப் படிப்பு. பட்டம் வாங்கியவர்கள்தான் சேரலாம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. எம்.ஏ. முடித்து, ராஜபாளையத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இரண்டு வருடம் ஆசிரியையாக வேலை பார்த்து, பிள்ளை பிறந்ததும் வேலையை விட்டிருந்தேன். பாடங்கள் தபாலில் வரும். ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் நேர்முக வகுப்பு. விண்ணப்பத்தில் பள்ளி மாணவர், குடும்பம், போதைப் பழக்கம் என்று மூன்று பிரிவுகள் இருந்தன. நான் குறித்தது பள்ளி மாணவர் பிரிவை. பெற்ற பிள்ளையை ஒழுங்காக வளர்க்கிறேனா என்ற பயத்துக்கு அதில் மருந்து இருக்கும் என்று ஒரு நினைப்பு. அந்தப் பிரிவுக்குப் போதிய ஆள் சேரவில்லை, உங்களைக் குடும்பப் பிரிவில் சேர்த்திருக்கிறோம் என்று கடிதம் வந்தது. என்னைக் கேட்காமல் எப்படி மாற்றலாம் என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. நல்லபடியாகப் பணம் கட்டிய ரசீதை மடித்து வைத்துக்கொண்டேன்.

பழைய பள்ளியின் தலைமையாசிரியை ஒன்று சொல்லியிருந்தார். மாணவிகள் வந்து மனம் விட்டுப் பேச ஒரு அறை ஒதுக்கலாம் என்று நிர்வாகம் சம்மதித்துவிட்டது, ஜூன் மாதம் திறக்கும்போது சான்றிதழோடு வந்தால் அந்த அறை உனக்குத்தான், இல்லாவிட்டால் வேறு ஆளைத் தேடவேண்டியிருக்கும். எனவே எனக்கு அடுத்த வருடம் என்ற ஒன்று கிடையாது.

எங்கள் தெருவில் இந்தப் படிப்புக்குப் பெயரே எடுபடவில்லை. எதிர்வீட்டு அக்கா வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வாசலில் நிறுத்திக் கேட்டார்.

"ஏமம்மா, பைத்தியத்துக்குப் படிக்கியாமே?"

"பைத்தியத்துக்கு இல்லக்கா. வீட்ல சண்டை, மனசு சரியில்லன்னு வாரவங்ககிட்டப் பேசறதுக்கு."

"அதுக்கும் படிக்கணுமா? நான் தினம் நாலு பேர்கிட்டப் பேசிட்டுத்தானே இருக்கேன். எனக்கு யாரு சர்ட்டிபிகேட் குடுத்தா?"

உண்மையிலேயே அவர் தினம் நாலு பேருக்குப் புத்தி சொல்லிக்கொண்டுதான் இருந்தார்.

ஞாயிறுகளில் என் ஒன்பது மாதப் பெண்ணைப் பார்த்துக்கொண்டது என் கணவரின் தங்கை. மாமனார் மாமியார் ஆலங்குளத்தில் இருந்தார்கள். இவள் பி.காம். முடித்துவிட்டு, டைப்ரைட்டிங் படிக்க எங்களோடு ராஜபாளையத்தில் தங்கியிருந்தாள். அண்ணன் மனைவி என்பதால் என்னை மதினி என்று கூப்பிடுவாள். கெட்டிக்காரி. பிள்ளை எத்தனையாவது மாதம் தவழும், எப்போது எதைப் பிடிக்கும் என்று நான் பாடப் புத்தகத்தைப் பார்த்து ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். என் பெண் தவழவே இல்லை. உட்கார்ந்த இடத்திலிருந்து பின்பக்கத்தாலேயே நகர்ந்து நகர்ந்து போனாள்.

"புஸ்தகத்துல இருக்கிற பிள்ளையைப் பாத்துட்டு வந்து நம்ம பிள்ளையைக் குத்தம் சொல்லாதீங்க மதினி. அது போற எடத்துக்குப் போயிருதா இல்லையா?" என்பாள். போய்விடும்தான். ஆனாலும் நோட்டில் அந்தக் கட்டத்தைக் காலியாகத்தான் விட்டு வைத்திருந்தேன்.

எங்களுக்குச் செய்முறை வகுப்பு எடுத்த மேடம் மதுரையிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட இரண்டு வயது சின்னவர். கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டுத்தான் ஆரம்பிப்பார். நாங்கள் எழுதிக் கொடுக்கும் பேச்சில் எங்கெல்லாம் புத்தி சொல்லியிருக்கிறோமோ அங்கெல்லாம் சிவப்பு மையில் வட்டம் போடுவார். வகுப்பில் பதினொரு பேர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு எதிரே ஒருவர் முகம் வாடினால் மூன்றாவது வாக்கியத்தில் வைத்தியம் சொல்லியாக வேண்டும். பழகிப் பார்ப்பதற்காக ஒருவர் தூக்கம் வரவில்லை என்று நடித்தார். எதிரே உட்கார்ந்திருந்த தபால்காரர் பொறுமையாக இரண்டு கேள்வி கேட்டார். பிறகு அவரால் முடியவில்லை. "பால்ல கசகசா அரைச்சுப் போட்டுக் குடிங்க சார்" என்றுவிட்டார். மேடம் கசகசாவைச் சுற்றி வட்டம் போட்டார். முதல் மாதம் எங்கள் தாள்களெல்லாம் அம்மை போட்ட மாதிரி இருந்தன.

எனக்குக் கிடைத்த ஆள் நாற்பது வயதுப் பெண்மணி. கணவர் ராஜபாளையத்தில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். வீடு வத்திராயிருப்புப் பக்கம். பக்கத்தைச் சொல்லலாம், ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். நான்கு மாதமாக அந்த அம்மாவுக்குத் தொண்டையில் உருண்டையாக ஏதோ அடைத்துக்கொண்டு சோறு இறங்குவதில்லை. கஞ்சியிலேயே ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு டாக்டர்கள் படமெல்லாம் எடுத்துப் பார்த்து, தொண்டையில் ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மில்லில் யாரோ சொல்லி, கணவர்தான் எங்கள் வகுப்பைத் தேடி அழைத்துக்கொண்டு வந்தார்.

நான் வராந்தாவுக்கே போய் வரவேற்றேன். "வாங்கண்ணே" என்றேன். பின்னால் நின்றவரைப் பார்த்து, "வாங்க மதினி, உள்ள வாங்க" என்றேன்.

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? எங்கள் பக்கம் வயதில் கொஞ்சம் மூத்த ஆண்பிள்ளையை அண்ணே என்றுதான் கூப்பிடுவோம். அவர் அண்ணன் ஆனபிறகு அவர் மனைவி மதினி. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவர்களைக்கூட இறங்குவதற்குள் ஒரு உறவில் வைத்துவிடுவோம். மரியாதை அதுதான்.

எங்களுக்குக் கொடுத்திருந்தது இரண்டாம் வகுப்பு அறை. பெஞ்சுகள் முழங்கால் உயரம். கரும்பலகையில் மூன்றாம் வாய்பாடு அழியாமல் இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு, முழங்கால் தாடையில் இடிக்கிற மாதிரி எதிரெதிரே உட்கார்ந்தோம். அவர் கணவர் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தார்.

"உங்களுக்கு என்ன செய்யுதுன்னு நீங்களே சொல்லுங்க மதினி."

"அதான் அவிய சொன்னாகளே."

"உங்க வாயால கேக்கணும்னு."

"அதேதான். தொண்டையில அடைக்கி. வேற ஒண்ணுமில்ல."

"வீட்ல எப்படி மதினி?"

"வீட்ல ஒரு கொறையுமில்ல. அவிய தங்கமானவுக. பீடிகூடக் குடிக்க மாட்டாக. மில்லு விட்டா வீடு, வீடு விட்டா மில்லு."

முக்கால் மணி நேரத்தில் அவர் கணவரைப் பற்றி நான்கு தடவை நல்ல வார்த்தை சொன்னார். கணவரின் தங்கச்சி வீட்டைப் பற்றி இரண்டு தடவை. நான் ஒரு புத்தியும் சொல்லவில்லை. அதில் எனக்குப் பெருமை.

அடுத்த ஞாயிறு இன்னும் மோசம். மதியம் இரண்டு மணி ஆனால் எனக்குப் பால் கட்டிக்கொள்ளும். ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிட்டார்.

"பிள்ளைக்கு எத்தனை மாசம்?"

"ஒன்பது, மதினி."

"யாரு பாத்துக்கிடுதா?"

"நாத்தனா."

"ம்" என்றார். அந்த ஒரு 'ம்' போட்டு என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் பிள்ளைக்குப் பல் முளைத்ததா, தலை முடி இறக்கியாச்சா என்று வரிசையாகக் கேட்டார். நானும், டீச்சர் வேலையை விட்டது வரைக்கும், கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டே போனேன். மணி பார்த்தால் நாற்பது நிமிடம் ஓடியிருந்தது. என்னையே ஆற்றுப்படுத்தியது போல இருந்தது. அவர் வெளியே போய்க் கணவரிடம் சொன்னது ஜன்னல் வழியாகக் கேட்டது.

"இனி எதுக்கு? சும்மா பஸ்ஸுல அலைஞ்சுக்கிட்டு. பேசித் தொண்டை சரியாயிருமாக்கும்."

மேடம் என் இரண்டு தாள்களையும் படித்தார். "ஒரு வட்டம்கூட இல்ல" என்றார்.

"தாங்க்ஸ் மேடம்."

"பாராட்டல. இந்தம்மா பேசவே இல்லையே. உங்க கேள்வி எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஆனா அவங்க யாரோ ஒருத்தர் முன்னாடி ரொம்ப ஜாக்கிரதையாப் பேசுற மாதிரி இருக்கு. யாரு முன்னாடி?"

"ரூம்ல நான் மட்டுந்தான் மேடம் இருந்தேன்."

"அதான் கேக்கிறேன். அவங்களுக்கு நீங்க யாரு?"

கவுன்சிலர் என்றேன். அவர் ஒத்துக்கொள்ளாத மாதிரி தலையைச் சாய்த்தார். அவருக்கும் விடை தெரியவில்லை என்பது தெரிந்தது. "பேரைச் சொல்லிக் கூப்பிட்டுப் பாருங்களேன். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு" என்றார்.

"மேடம், நாப்பது வயசு அம்மாவைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா எந்திரிச்சுப் போயிருவாங்க."

சிரித்துவிட்டார். அன்று முழுவதும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதான்.

"மூணாவது தடவை வருவாங்களா?"

"வருவாங்க மேடம்" என்றேன். வரமாட்டார் என்று தோன்றியது. வராவிட்டால் ஜூன் மாதத்து அறை போனது.

ஐந்து மணிக்கு வீட்டுக்கு வந்தேன். செருப்பைக் கழற்றுவதற்குள் நாத்தனார் பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள்.

"மதினி, இன்னைக்கு மத்தியானம் பூரா அழுதுச்சு. புட்டிப்பால் தொடவே இல்ல. நான் ஒண்ணும் சொல்லல, சும்மா சொல்லுதேன்."

"சரிம்மா" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சொல்ல எவ்வளவோ இருந்தது. நான் என்ன ஊர் சுற்றவா போகிறேன், அழுகிற பிள்ளையை விட்டுவிட்டுப் போக எனக்கு மட்டும் ஆசையா, உன் அண்ணன் மத்தியானம் வீட்டில்தானே இருந்தார், அவர் என்ன பண்ணினார்? எல்லாம் வரிசையாக மேலே வந்தது. அப்படியே விழுங்கினேன். விழுங்கியது தொண்டையில் தெரிந்தது. பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டே அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். நாத்தனார் நல்லவள். அன்று அவள் சொன்னதில் தப்பும் இல்லை. இருந்தும் கல்யாணமாகி மூன்று வருடத்தில் அவள் அண்ணனைப் பற்றி ஒரு குறையை நான் அவளிடம் சொன்னது கிடையாது. அவர் தங்கமானவர் என்றுதான் நானும் சொல்லியிருக்கிறேன். எத்தனை தடவை என்று எண்ணவில்லை.

அவள் கொடியிலிருந்து எடுத்துவந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கட்டா? உங்க அண்ணனைப் பத்தி ஒரு குறை இருக்குன்னு வையி. அதை உங்கிட்டச் சொன்னா என்ன செய்வ?"

துணி மடிப்பது நின்றது. "என்ன குறை?"

"ஒரு பேச்சுக்குச் சொல்லுதேன்."

"பேச்சுக்குன்னாலும் என்ன பேச்சு மதினி அது? எங்கண்ணன் என்ன செஞ்சாக?" கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "நல்லாக் கேட்டீங்க போங்க. ஆலங்குளத்துக்கு அன்னைக்கே ஒரு லெட்டர் போட்டிருப்பேன், அம்மாவுக்கு. நீங்களாவது, எங்கிட்டச் சொல்லுறதாவது. நாளைக்கு நான் ஒரு வீட்டுக்குப் போனா அங்க இருக்க நாத்தனாட்ட நானும் சொல்ல மாட்டேன். எவளாவது சொல்லுவாளா?"

மேடம் கேட்ட கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. அந்த அறையில் நான் கவுன்சிலராக உட்காரவே இல்லை. 'வாங்கண்ணே' என்று வராந்தாவில் சொன்ன நிமிடத்திலேயே அவர் கணவருக்குத் தங்கச்சி ஆகிவிட்டேன். ஒவ்வொரு கேள்விக்கும் வாலில் ஒரு மதினியைக் கட்டி, மறக்காமல் அதை ஞாபகப்படுத்திக்கொண்டும் இருந்திருக்கிறேன். நாத்தனாரை எதிரே வைத்துக்கொண்டு எந்தப் பெண் தன் வீட்டுக் கதையைப் பேசுவாள்? என் தாள்களை எடுத்து எண்ணினேன். இரண்டு ஞாயிறும் சேர்த்துப் பத்தொன்பது மதினி. அவர் என்னை ஒரு தடவைகூட எந்த உறவும் சொல்லிக் கூப்பிடவில்லை. அதையும் அப்போதுதான் பார்த்தேன்.

கண்டுபிடித்தாயிற்று, மாற்றுவது எப்படி? அக்கா என்று சொல்லிவிடலாம். ஆனால் போன வாரம் மதினியாக இருந்தவர் இந்த வாரம் அக்காவானால் அதற்கே ஒரு காரணம் தேடுவார்கள். என் கணவரிடம் கேட்டேன்.

"அக்கான்னு மாத்திக்கிட வேண்டியதுதானே" என்றார், பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல்.

"ஏன் மாத்துனேன்னு நினைப்பாங்களே."

"அப்ப ஏன்னு சொல்லிரு."

ஆறு நாளும் அதையே மாற்றி மாற்றி யோசித்தேன். சொன்னால் சின்னத்தனமாக இருக்குமா, படித்தவள் உளறுகிறாள் என்று நினைப்பாரா, மேடம் வட்டம் போடுவாரா. அதைவிட நல்ல யோசனை எனக்கு வரவில்லை.

மூன்றாவது ஞாயிறு அரை மணி நேரம் தாண்டியும் அவர் வரவில்லை. வராந்தாவில் நின்றேன். தபால்காரர் இரண்டு தடவை வந்து, "வந்துருவாங்க, வத்ராப் பஸ்ஸு எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்றாவது தடவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டார். ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தபோது அந்த அம்மா வாசலில் தெரிந்தார். தனியாக வந்திருந்தார். கணவருக்கு ஷிப்ட்.

"இன்னைக்கோட வரலைன்னு சொல்லிட்டுப் போவலாம்னு வந்தேன்" என்றார், நின்றபடியே.

"செத்த நேரம் உக்காருங்க. நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன், அதைச் சொல்லிருதேன். பொறவு போங்க."

உட்கார்ந்தார்.

"அன்னைக்கு உங்க வீட்டுக்காரரை நான் அண்ணேன்னு கூப்பிட்டேன். அதுல நீங்க மதினி ஆயிட்டீங்க, நான் நாத்தனா ஆயிட்டேன். நான் அவருக்குத் தங்கச்சி இல்ல. அவரை எனக்குத் தெரியவும் தெரியாது. இங்க நீங்க சொல்லுதது எதுவும் அவர்கிட்டப் போகாது."

என்னையே பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கிற்று.

"அப்ப யாரு?"

"அக்கான்னு கூப்பிடுதேனே. உங்களுக்குத் தங்கச்சியா இருந்துட்டுப் போறேன்."

கொஞ்சம் யோசித்தார். "தங்கச்சியும் வேண்டாம். எந்தங்கச்சி ஒருத்தி இருக்கா. அவகிட்டச் சொன்னா எங்கம்மாட்டப் போயிரும். எங்கம்மாட்டப் போச்சுன்னா பஸ் ஏறி வந்துரும்."

"அப்ப?"

சுற்றிப் பார்த்தார். பெஞ்சு, வாய்பாடு, ஓரத்தில் கிடந்த சாக்பீஸ் துண்டு.

"நீங்க டீச்சரா இருந்தவுகதானே? டீச்சருன்னே கூப்பிடுதேன். டீச்சருக்கு யாரு சொந்தக்காரி?"

நான் அவரை என்ன கூப்பிட என்று கேட்டேன். ஒன்றும் வேண்டாம், நீங்கன்னு சொன்னாப் போதும் என்றார். உறவு சொல்லாமல் முக்கால் மணி நேரம் ஒருவரோடு பேசுவது எங்கள் பக்கத்தில் சுலபமில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் எதையோ தொலைத்தது போல் நின்றேன். அவர் நிற்கவில்லை.

அவருடைய மகள் பிளஸ் டூ முடித்து ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைத்திருந்தது. நான்கு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் கணவரின் தங்கச்சி குடும்பத்தோடு தட்டுகளுடன் வந்தாள். அவள் மகனுக்கு இவர் மகள். அண்ணனும் தங்கச்சியும் முன்பே பேசி முடித்திருந்தார்கள். அடுப்படியில் இருந்தவரைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். கணவர், "என்ன, சரிதானே?" என்றார். இவர் வாயைத் திறந்தார். "மதினி, முதல்ல வாயைத் தொறங்க" என்று சொல்லி நாத்தனார் ஒரு கை சீனியை அள்ளி வாயில் போட்டுவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் தலையை ஆட்டினார்.

"சீனி கரைஞ்சுபோச்சு டீச்சர். அது கரைய மாட்டேங்கு" என்று தொண்டையைத் தொட்டுக் காட்டினார்.

இதை எழுதப்போகிறேன் என்று பிற்பாடு அவரிடம் அனுமதி கேட்டபோது, "எம் பேரு போடாதீக, ஊரு போடாதீக. சீனியை மட்டும் விட்டுறாதீக" என்றார்.

"பையன் எப்படி?" என்று அன்று கேட்டேன்.

"பையனுக்கென்ன, நல்ல பையன். நான் தூக்கி வளத்த பிள்ளை. பையனைச் சொல்லல டீச்சர். எம் பிள்ளைக்கு என்னைய ஒரு வார்த்தை கேக்கலை."

அந்த இடத்தில் என்னால் பொறுக்க முடியவில்லை. "அப்ப அன்னைக்கே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே" என்றுவிட்டேன். அவர் பேச்சு நின்றது. கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன். பேசாமல் இருந்தேன். இந்தப் படிப்பில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டது அதுதான்: அவசரப்பட்டு அடுத்த வாக்கியத்தைச் சொல்லாமல் இருப்பது. கடைசியில் அவரே, "சொல்லியிருக்கலாம்" என்றார். "அடுத்த வாரம் வாரேன்."

அந்தத் தாளில் ஒரே ஒரு சிவப்பு வட்டம் இருக்கிறது. மேடம் முழுவதையும் படித்துவிட்டு, "டீச்சர்னு அவங்களே வச்சுக்கிட்டாங்களா?" என்றார். கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு, "இது புத்தகத்துல இல்ல" என்றார். அடுத்த வாரம் வகுப்பில் இருந்த பதினொரு பேரையும், அவரவர் ஆளை என்ன சொல்லிக் கூப்பிடுகிறோம் என்று எழுதச் சொன்னார். தபால்காரர் தன் ஆளை மாப்ளே என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நான்காவது சந்திப்பில் அந்த அம்மா, கணவரிடம் என்ன கேட்கவேண்டும் என்பதைத் தானே யோசித்து யோசித்துச் சொன்னார். நான் எழுதிக்கொண்டேன். வீட்டில் வைத்துச் சொல்ல முடியாது, சொல்லத் தொடங்கினாலே யாராவது வந்துவிடுவார்கள், இங்கே வைத்துச் சொல்கிறேன் என்றார். அதனால் ஐந்தாவது ஞாயிறு கணவரும் உள்ளே வந்தார். அந்தச் சின்னப் பெஞ்சில் அவருக்கு இடம் போதவில்லை.

"வாங்க, உக்காருங்க" என்றேன்.

"என்னம்மா, முதல்ல அண்ணேன்னு வாய் நிறையக் கூப்பிட்டீங்க. இப்ப ஒண்ணையும் காணோம்?"

நான் பதிலுக்குத் தடுமாறுவதற்குள் அவர் மனைவி சொன்னார். "அவிய டீச்சரு. உங்களுக்குத்தான் ஒரு தங்கச்சி இருக்காள்ல, போதும்."

அவர் என்னைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அந்த வீட்டில் அந்தக் குரலை அவர் கொஞ்ச நாளாகக் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். பிறகு அந்த அம்மா சொல்லவேண்டியதைச் சொன்னார். சத்தம் போடவில்லை, அழவில்லை.

"நான் கேட்டேனே!" என்றார் கணவர். "எல்லார் முன்னாடியும் கேட்டேன். நீ தலையாட்டுனியா இல்லையா?"

"வாயில சீனி இருந்துச்சு."

அவர் என் பக்கம் திரும்பி, "இதென்னம்மா?" என்றார். என் நாக்கில் நான்கு வாக்கியங்கள் தயாராக இருந்தன. ஒன்றையும் சொல்லவில்லை. அவர் வாய்பாட்டைப் பார்த்தார். மூவொன்று மூன்றிலிருந்து கடைசி வரை படித்திருப்பார், அவ்வளவு நேரம்.

"நாலு மாசமா கஞ்சி குடிக்கியே. இதை எங்கிட்டச் சொல்லிருக்கக் கூடாதா?"

"இப்பச் சொல்லுதேன்."

"சரி, இப்ப நான் என்ன செய்யணும்ங்கிற?"

"பிள்ளை ரெண்டு வருசம் படிச்சு முடிக்கட்டும். பொறவு அவளைக் கேப்போம். என்னையும் கேளுங்க."

"தங்கச்சிட்ட இதை எப்படிச் சொல்லுவேன்?"

"நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா அது வேற மாதிரி ஆயிரும்."

ஆறாவது ஞாயிறு அந்த அம்மா ஒரு தூக்குவாளியோடு வந்தார். முக்கால் மணி நேரம் முடிந்ததும் திறந்து வைத்து எனக்கும் ஒரு கை கொடுத்தார். தயிர்ச்சோறு. "இது எறங்குது. கொழம்புச்சோறு இன்னும் எறங்கலை. நாத்தனாளும் இன்னும் பேசலை. பாப்போம்" என்றார். பெஞ்சில் முழங்காலை மடக்கிக்கொண்டு, மெதுவாக, வாளி காலியாகும் வரை சாப்பிட்டார். தாளில் அதைக் கடைசி வரியாக எழுதிக் கொடுத்தேன்.

சான்றிதழ் மே மாதக் கடைசியில் வந்தது. ஜூனில் பள்ளியில் அந்த அறை திறந்தது. இப்போது அதில் எனக்கு ஏழாவது வருடம். முன்பு வளர்ச்சி நோட்டில் கட்டம் காலியாகக் கிடந்தவள் இன்று அதே பள்ளியில் மூன்றாம் வகுப்பில் ஓடிக்கொண்டிருக்கிறாள். இரண்டாவது பிள்ளைக்கு நோட்டுப் போட்டேன். பாதியில் நிறுத்தினேன், பிறகு பயந்துபோய் மறுபடியும் எழுதினேன். என் நாத்தனாருக்குக் கல்யாணமாகிவிட்டது. வீட்டுக்காரரைப் பற்றிப் பக்கம் பக்கமாக எனக்குத்தான் எழுதுகிறாள். அவள் அண்ணனைப் பற்றி நான் இன்னும் ஒரு வரி எழுதியதில்லை.

அறைக்கு வருகிற அப்பாக்களை நான் அண்ணே என்று கூப்பிடுவதில்லை, சார் என்றுதான் சொல்வேன். அம்மாக்களை எதுவும் சொல்வதில்லை. அவர்களே ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிக்கும் வரை காத்திருப்பேன். ராங்கிக்காரி, வாய் நிறைய ஒரு உறவு சொல்லிக் கூப்பிடத் தெரியாதவள் என்று தெருவில் பேச்சு உண்டு. எதிர்வீட்டு அக்காவே வந்து சொன்னார். முன்பென்றால் அதற்கு இரண்டு நாள் தூக்கம் போயிருக்கும். மற்ற எல்லாவற்றுக்கும் இப்போதும் போகிறது. இதற்கு மட்டும் போவதில்லை.

அந்த அம்மாவின் மகள் பயிற்சி முடித்து, கேட்டபோது சரி என்று சொல்லி, அதே பையனைத்தான் கட்டிக்கொண்டாள். கல்யாணம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு மண்டபத்தில். கூப்பிட வீட்டுக்கு வந்தபோது, நான் வந்தால் யாரென்று கேட்பார்களே, உங்களுக்குச் சங்கடமாகுமே என்று இழுத்தேன். "வாங்க டீச்சர், நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

மண்டப வாசலில் சந்தனமும் சீனியும் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மா நின்றிருந்தார். அந்த நாத்தனார். முகம் நிறையச் சிரிப்பு.

"வாங்க, வாங்க. பொண்ணு வீட்டுக்கு வேணும்கிறவுகளா, எங்களுக்கா?"

நான் விழித்தேன். அதற்குள் பட்டுச்சேலை சரசரக்க அந்த அம்மா வந்துவிட்டார்.

"டீச்சரு" என்றார்.

"அப்படியா மதினி! பிள்ளைக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவுகளா?"

"இல்ல. எனக்கு."

நாத்தனார் ஒன்றும் புரியாமல் சிரித்துக்கொண்டே சீனித் தட்டை என் பக்கம் நீட்டினார். நானே எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.